நான்கு விரற்கடை

மார்ச் 4

மச்சானுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் கேட்காமலே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் ஊர் நகராட்சியிலிருந்து எனக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. பஸ் நிலையத்தை அகலப்படுத்துகிறார்களாம். வாசலில் நிற்கும் என் சிற்பத்தை ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் யாராவது பொறுப்பேற்று அப்புறப்படுத்த வேண்டும். இல்லையென்றால் கேஸ் கட்டரால் துண்டு போட்டுப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவார்கள். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் இடம் கொடுக்கத் தயார். ஆனால் கொண்டுபோய் நிறுத்துவது என் பாடு என்று எழுதியிருக்கிறார்கள்.

எந்தச் சிற்பம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பட்டறையில் வளைத்த ‘இடைவெளி’தான். பதினெட்டடி உயரத்தில் இரண்டு இரும்புத் தகடுகள். ஒன்றின் பக்கம் மற்றது சாய்ந்து, உச்சியில் நான்கு விரற்கடை தூரத்தில் தொடாமல் நிற்பவை. ஒவ்வொன்றும் தன் அஸ்திவாரத்தில் தன் எடையால் தானே நிற்கிறது. ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. இந்த இருபத்துமூன்று வருஷத்தில் நான் செய்தது எல்லாமே அந்த நான்கு விரற்கடையிலிருந்து வந்ததுதான். அது போய்விட்டால் நான் எதற்காக வாழ்ந்தேன் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

நானே வந்திருப்பேன். போன வாரம்தான் கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. எட்டு வாரத்துக்குப் பயணம் கூடாது என்கிறார் டாக்டர். வெல்டிங் வெளிச்சத்தை இனி ஆயுசுக்கும் பார்க்கக் கூடாதாம். போனில் பேசவும் வழியில்லை. நாற்பது வருஷம் தகட்டை அடித்து அடித்துக் காது போய்விட்டது, யார் பேசினாலும் கிரைண்டர் ஓடுகிற மாதிரிதான் கேட்கிறது. ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் என்னைச் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. ஆனால் இந்த வேலையை உள்ளும் புறமும் தெரிந்த ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். அதனால் கேட்கிறேன்.

இன்னும் அப்படிக் கூப்பிடுவதாக இருந்தால்,
மாப்பிள்ளை


மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

ஆறு வருஷம் கழித்துக் கடிதம் வந்திருக்கிறதே, மனுஷனை விசாரித்துத்தான் எழுதியிருப்பார் என்று கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். இரும்பை விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். நாய் வாலை யார் நிமிர்த்த முடியும்!

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் நலம். முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் அழுகிறது. பட்டறையை இப்போது என் மகள்தான் நடத்துகிறாள். என்னைவிட நன்றாகவே நடத்துகிறாள், அதுதான் வயிற்றெரிச்சல். வாசலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, “அப்பா, நீங்க சும்மா உட்கார்ந்து வர்றவங்களைப் பார்த்துச் சிரிச்சா போதும்” என்கிறாள். சிரிக்கிற மூஞ்சியா இது? போன வாரம் ஒருத்தர் வீட்டு கேட்டுக்கு ஆர்டர் கொடுக்க வந்து, என்னைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

உங்கள் தகடுகளைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் வைத்த பெயர் இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. ஊரில் அதற்கு ‘மாமியார் மருமகள்’ என்று பெயர். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், சாய்ந்து சாய்ந்து பார்க்கும், ஒட்டாது. கண்டக்டர்களே “மாமியார் மருமகள் எல்லாம் இறங்குங்க” என்றுதான் கத்துகிறார்கள். நான் பார்க்கும்போதே நிஜமான மாமியாரும் மருமகளுமாக ஒரு ஜோடி இறங்கியது, ஒருத்தி முன்வாசலில், இன்னொருத்தி பின்வாசலில்.

வேலையை எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்காக இல்லை, அந்தத் தகட்டை வளைக்கும்போது என் தங்கை மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து போட்டாளே, அதற்காக. சொன்ன சொல்லையும் நான் வாபஸ் வாங்கவில்லை. உடம்பு முடியாமல் என் வீட்டில் வந்து படுத்தவள் கடைசி நாலு நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள். ஆறாம் நாள் நீங்கள் வந்தீர்கள். ‘நீங்க இரும்புக்குத்தான் புருஷன்’ என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஒரே ஒரு விஷயம். பழைய வரைபடத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஏன் எதற்கு என்று கேட்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

மச்சான்


மார்ச் 17

மச்சானுக்கு,

வேலையை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. வரைபடத்தை நகராட்சி இன்ஜினியருக்கு நான் எப்போதோ அனுப்பிவிட்டேன், உங்களுக்குக் கடிதம் போட்ட அன்றைக்கே. அது இல்லாமல் அவர்கள் எப்படிப் பிரிப்பார்கள்? படத்தை ஒளித்து வைக்கச் சொல்கிற காரணம் எனக்கு விளங்கவில்லை. அளவு ஒன்றும் மாறவில்லையே?

மற்றபடி இங்கே சொல்லும்படி ஒன்றும் இல்லை. பெரிய பட்டறையைக் காலி செய்து கொடுத்துவிட்டேன். ஓர் அறையும் சமையல் மூலையும்தான் இப்போது. சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றின் மேல் பழைய பேப்பரை அடுக்கி வைத்திருக்கிறேன். காலியாக இருந்தால் கண்ணை உறுத்துகிறது. மாணவர்கள் முன்பெல்லாம் வருவார்கள். காது கேட்காதவனிடம் எவ்வளவு நேரம்தான் கத்துவார்கள், பாவம்.

சும்மா இருக்கும்போது பழையதெல்லாம் வருகிறது. உங்களிடம் கிரில்லுக்கும் கேட்டுக்கும் படம் வரைய வந்தவன் நான். வெட்டிப்போட்ட துண்டுகளை ஒட்டி முதல் சிற்பத்தைச் செய்தபோது நீங்கள் அதை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, “எல்லாம் சரி மாப்பிள்ளை, இதுல தாழ்ப்பாள் எங்க?” என்று கேட்டீர்கள். அதை ஒரு பல் டாக்டர் வாங்கினார். கடைவாய்ப்பல் என்று நினைத்து வாங்கினார். நானும் திருத்தப் போகவில்லை. அப்புறம் ‘இடைவெளி’. அதற்குப் பரிசு, பேச்சு, பயணம். ஒரு துறைமுகத்தில், ஒரு விமான நிலையத்தில், ஒரு நீதிமன்ற வாசலில் என்று இருபத்தாறு சிற்பங்கள். எல்லாவற்றிலும் ஒரே சேதிதான்: தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் நிற்பதுதான் நிற்பது.

அவள் விஷயம். அன்றைக்கு நீதிமன்ற வாசலில் தகடு கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதியில் விட்டு வர முடியாது. அவளும் அதைப் புரிந்துகொண்டிருப்பாள். அவள் யாரையும் எதிர்பார்க்கிறவள் இல்லை, தன் காலில் நின்றவள். நீங்கள் இதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

மாப்பிள்ளை


மார்ச் 21

மாப்பிள்ளை,

கெடுத்தீர்களே காரியத்தை! உங்கள் கடிதம் கிடைத்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நகராட்சிக்கு ஓடினேன். இன்ஜினியர் ஒரு சின்னப் பெண், வெகு கறார். உங்கள் படத்தை மேஜையில் விரித்து வைத்து, முதலில் இடது தகட்டைத் தூக்குவது, மறுநாள் வலது தகட்டைத் தூக்குவது என்று பென்சிலால் எழுதியே வைத்துவிட்டாள்.

அப்படித் தூக்கினால் மற்றது பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள் மேல் சாயும். இருபத்துமூன்று வருஷமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததை இப்போது கக்குகிறேன். கோபப்படாமல் படியுங்கள். அது உங்களால் முடியாது, இருந்தாலும் படியுங்கள்.

இரண்டு தகடும் தனித்தனியாக நிற்கவில்லை. மண்ணுக்கு அடியில் இரண்டின் பாதத்தையும் சேர்த்து ஒரு கர்டர் போட்டிருக்கிறேன். நானே பற்றவைத்தேன். மேலே கான்கிரீட், அதற்கு மேல் கல் பாவியாயிற்று. ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

நீங்கள் பெயர்ப் பலகை விஷயமாகத் தலைநகர் போனீர்களே, அந்த இரண்டு நாளில் நடந்தது. என் தங்கை பட்டறைக்கு வந்தாள். “அண்ணா, அவர் கணக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா காத்து அவர் கணக்கைப் படிச்சிருக்காதே” என்றாள். “கீழ ஒண்ணு போட்டுச் சேர்த்துடு. விழுந்தா அவர் தாங்கமாட்டார். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே, அதையும் தாங்கமாட்டார்.” எனக்கும் உள்ளூரப் பயம்தான். போட்டுவிட்டேன்.

நீங்கள் மேடைக்கு மேடை ‘ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது’ என்று பேசும்போதெல்லாம் முன்வரிசையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவாளே, அது இருமல் இல்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்த இன்ஜினியர் பெண் என் வாய்ச்சொல்லை நம்பமாட்டேன் என்கிறாள். “சிற்பி கையெழுத்துப் போட்ட படம் இருக்கு சார். அது தப்புன்னு சிற்பியே எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் திட்டத்தை மாத்துவேன். இல்லேன்னா வெட்டித்தான் எடுக்கணும்” என்கிறாள். அவள் கொடுத்த காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டே வரிதான். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும்.

மச்சான்


மார்ச் 26

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

என் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, என் சோற்றைப் பரிமாறிக்கொண்டு, அண்ணனும் தங்கையும் சேர்ந்து என்னை ஊர் சிரிக்கிற கோமாளியாக்கி வைத்திருந்திருக்கிறீர்கள். நான் பரிசு வாங்கியது உங்கள் கர்டருக்கு. இருபத்தாறு சிற்பமும் ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. ‘என் படம் தப்பு’ என்று நானே எழுதித் தர வேண்டுமா? வெட்டட்டும். துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போடட்டும். அதற்கு அதுதான் பெயர்.

இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 3

மச்சான்,

எழுத வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் எழுதாமல் இருந்துவிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. என்றைக்கு என் சொல்லைக் கேட்டீர்கள், இதைக் கேட்பதற்கு?

எட்டு நாளாக யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசிப்பதற்கு இங்கே இடைஞ்சல் ஒன்றும் இல்லை. அவள் இருமலுக்கு நான் வருஷக்கணக்கில் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மச்சான். இரண்டு டாக்டரிடம் காட்டினேன். இரண்டு பேரும் நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார்கள். அவளும் மருந்தை வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்கினாள். அது நினைவுக்கு வந்ததும் முதலில் ஆத்திரமாக வந்தது. பிறகு, ஏனோ தெரியவில்லை, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு நேர்ந்ததை எழுத மாட்டேன். ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார்.

நீதிமன்ற வாசலில் தகடு கிரேனில் தொங்கியது என்று எழுதினேன் அல்லவா? அது முதல் நாள். இரண்டாம் நாளே இறக்கி நிறுத்தியாகிவிட்டது. அன்றைக்கே புறப்பட்டிருந்தால் அவளைப் பார்த்திருப்பேன். நான் தங்கி வெல்டிங் தழும்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேறு யார் தேய்த்தாலும் போதும். அவள் சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நிற்கிறவளுக்கு எதற்கு ஆள் என்று நினைத்தேன். என் பேச்சை நானே நம்பிவிட்டேன். தப்புப் பண்ணிவிட்டேன், மச்சான். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்ஜினியருக்குத் தனியாக எழுதி, ‘என் வரைபடம் தவறு, அடியில் இரண்டும் இணைந்துள்ளன’ என்று கையெழுத்துப் போட்டு இன்றைக்கே விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தியதும், கிரேன் பிடித்திருக்கும்போதே, அந்தக் கர்டரை அறுத்துவிடுங்கள். கயிற்றைத் தளர்த்திப் பாருங்கள். விழுந்தால் விழட்டும். என் கணக்கு நின்றதா, அல்லது இத்தனை வருஷமும் அவள்தான் அதைத் தாங்கினாளா என்று தெரியாமல் நான் சாகக் கூடாது.

மாப்பிள்ளை


ஏப்ரல் 12

மாப்பிள்ளைக்கு,

நான் எழுதாததற்குக் காரணம் ரோஷம் இல்லை, பயம். என்ன எழுதினாலும் இன்னொரு காகிதத்தைக் கிழிப்பீர்கள் என்று சும்மா இருந்தேன். உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மகள் வந்து “என்னப்பா ஆச்சு” என்றாள். கண்ணில் தூசி என்றேன். உங்களுக்கு ஆபரேஷன் என்றால் எனக்குத் தூசியாவது இருக்கக் கூடாதா?

வியாழக்கிழமை காலையில் வேலை நடந்தது. பஸ்ஸையெல்லாம் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். கல்லைப் பெயர்த்துத் தோண்டினால் கர்டர் போட்டது போட்டபடி இருக்கிறது. இன்ஜினியர் பெண் குழிக்குள் எட்டிப் பார்த்து, “அப்ப மாமியாரும் மருமகளும் உள்ளுக்குள்ள ஒத்துமையாத்தான் இருந்திருக்காங்க” என்றாள். இரண்டு கிரேன் வைத்து இரண்டையும் ஒன்றாகத் தூக்கினோம். கண்டக்டர்கள் கை தட்டினார்கள். இனி எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவது என்று அவர்களுக்குக் கவலை.

நூலகத்துப் புல்வெளியில் உங்கள் படத்தில் இருக்கிறபடி தனித்தனி மேடை கட்டி, போல்ட் முடுக்கி நிறுத்தினோம். அப்புறம்தான் கர்டர். நான் அறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் தங்கை போடச் சொன்னதை என் கையால் எப்படி அறுப்பது? மகள்தான் குழிக்குள் இறங்கி அறுத்தாள். நான் நூலகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கயிற்றைத் தளர்த்துகிற சத்தம் கேட்டது. விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, “அப்பா, திரும்பிப் பாருங்க” என்றாள்.

நிற்கிறது, மாப்பிள்ளை. இம்மி அசையவில்லை. மத்தியானம் நல்ல காற்று அடித்தது, நூலகத்து ஜன்னல் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. அப்போதும் அசையவில்லை. நம்பாமல் ஏணியில் ஏறினேன். கீழே நின்று மகள் போட்ட சத்தம் உங்களுக்கே கேட்டிருக்கும். உச்சியில் என் கையை வைத்துப் பார்த்தேன். நான்கு விரல் அச்சாகப் பொருந்தியது.

உங்கள் கணக்கு சரி. நானும் என் தங்கையும் தப்பு. அவள் வீணாகப் பயந்துவிட்டாள். கர்டர் ஒன்றையும் தாங்கவில்லை, சும்மா கிடந்திருக்கிறது. இதை எழுத என் கை எவ்வளவு கூசுகிறது தெரியுமா? ஆனாலும் நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

எல்லாரும் போனபிறகு நான் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஜெயித்ததைப் பார்க்க உங்கள் பக்கத்து ஆள் என்று ஒருத்தரும் இல்லை. நான்தான் இருந்தேன், தோற்றவன். எனக்கு அது நன்றாகவே இல்லை.

புல்வெளியில் தோண்டிய குழியை மாதக் கடைசியில் மூடிப் புல் போடுவார்களாம். அறுத்த துண்டு பட்டறையில் கிடக்கிறது. என்ன செய்யட்டும்?

மச்சான்


ஏப்ரல் 18

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே நடக்கப் போனேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தெருமுனைப் பேப்பர்க்காரரிடம், “நின்றுவிட்டது” என்றேன். அவர் ஏதோ பதில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவரும் என்னவென்று கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். இருபத்துமூன்று வருஷம் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் அது நிஜம் என்று தெரிந்த அன்றைக்கு இந்த அறையில் இருக்கவே பிடிக்கவில்லை.

அவள் வீணாகப் பயப்படவில்லை, மச்சான். கர்டர் சும்மா கிடக்கவும் இல்லை. அடியில் அது இருக்கிற தைரியத்தில்தான் பதினேழு வருஷம் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். அது இல்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்து பயந்திருந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்தத் துண்டைத் திரும்பப் போட்டு இரண்டையும் சேர்த்துவிடுங்கள். விழும் என்று சொல்லவில்லை. விழாது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனாலும் சேர்த்துவிடுங்கள். இன்ஜினியர் கேட்டால் சிற்பி சொன்னார் என்று சொல்லுங்கள். எழுத்தில் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன், இப்போது எனக்கு அது பழகிவிட்டது.

பற்றவைக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது, அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இருபத்துமூன்றாம் தேதி டாக்டர் விட்டுவிடுவார். இருபத்தைந்து காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம் என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன், மேலே பார்த்தால் தெரியும்.

ஸ்டேஷனிலிருந்து உங்கள் வீட்டுக்கு வழி எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் வாருங்கள், மச்சான்.

மாப்பிள்ளை